ஒன்பதாம் லைனில் மாமனார்

அந்த மின்சாரக் கம்பெனியில் அவளை எல்லோரும் அக்கா என்றுதான் கூப்பிட்டார்கள். அவளுடைய தம்பியும் அங்கேயே லைன்மேன். அவன் கீழே வாசலில் நின்றுகொண்டு மூன்றாவது மாடி ஜன்னலைப் பார்த்து "அக்கா" என்று கத்திக் கத்தி, அது பொதுப் பெயராகிவிட்டது. ஓய்வு பெற ஆறு மாதம் இருக்கிற கணக்குப் பிரிவுப் பெரியவர்கூட, நாற்பது வயதுப் பெண்ணைக் கூச்சமே இல்லாமல் அக்கா என்பார். முதலில் முறைத்துப் பார்த்தாள். பிறகு, எக்கேடோ கெட்டுப் போங்கள் என்று விட்டுவிட்டாள்.

காலை பதினொன்று இருபதுக்கு அவள் மேசை போன் அடித்தது. கன்ட்ரோல் ரூமிலிருந்து மூன்றாம் மேசைக்காரர். எந்த லைனுக்குக் கரண்ட் கொடுப்பது, எதில் நிறுத்துவது என்று மேசையில் உட்கார்ந்தபடியே உத்தரவு போடும் நான்கு பேரில் ஒருவர். சிரிப்பை அடக்க முடியாமல் பேசினார்.

"அக்கா, ஒன்பதாம் லைனுக்குக் கரண்ட் கொடுக்கப் போனா உங்க சிஸ்டம் மாட்டேன்னு அடம் பிடிக்குது. கம்பத்துல ஆள் இருக்காம். யாருன்னு பார்த்தா, மாமனார்னு போட்டிருக்கு."

"யாரு மாமனாரு?"

"அதைத்தான் நானும் கேக்கறேன். என் மாமனாரா இருந்தா, அவர் செத்து நாலு வருஷம் ஆச்சு. உயிரோட இருந்தப்பவே நாற்காலிய விட்டு எந்திரிக்க மாட்டார். அவரு எங்க கம்பம் ஏறப்போறாரு?"

அக்காவுக்கும் சிரிப்பு வந்துவிட்டது. "அது பயிற்சி அறைப் பசங்க வேலை. பழகறதுக்குப் பூட்டுப் போடச் சொன்னா, இருக்கிற ஆசையெல்லாம் தீர்த்துக்கறாங்க. நான் எடுத்துவிடறேன்."

"மெதுவா எடுங்க. இன்ஜினியர் சாவி போட்டுத் தள்ளிவிட்டுட்டார், ஒன்பது போயாச்சு. அடுத்தது பதினாலு. தண்ணி பம்ப் ஹவுஸ்காரன் அரை மணி நேரமா உயிரை வாங்கறான். அங்க வேலை பார்த்தவங்க முடிச்சிட்டோம்னு கையெழுத்தும் போட்டாச்சு. கையில நாலு ஸ்விட்ச் வேலை இருக்கு, அதை முடிச்சதும் பதினாலைக் கொடுத்துடறேன்."

போனை வைத்துவிட்டு அவள் டீயை எடுத்து ஒரு வாய் குடித்தாள். முகத்தில் இன்னும் சிரிப்பு இருந்தது. டீ தொண்டைக்குள் இறங்கும்போதுதான் அந்தக் கேள்வி வந்தது. பயிற்சி அறை மாமனார் கன்ட்ரோல் ரூம் மேசைக்கு எப்படி வந்தார்?

இந்த இடத்தில் கொஞ்சம் விளக்கியே ஆக வேண்டும். கம்ப்யூட்டர் என்றதும் யாரும் ஓட வேண்டாம், இது வெறும் அலமாரி விஷயம். அந்தக் கம்பெனி கம்ப்யூட்டரில் ஃபைல்கள் வைத்திருக்கிற இடத்துக்கு லைப்ரரி என்று பெயர். அதை ஓர் இரும்பு அலமாரி என்று வைத்துக்கொள்ளுங்கள். நிஜ வேலைக்கு ஓர் அலமாரி. புதிதாகக் கற்றுக்கொள்பவர்கள் கெடுத்துக் கெடுத்துப் பழக, அதையே நகலெடுத்த இன்னோர் அலமாரி. இரண்டிலும் ஃபைல்களுக்கு ஒரே பெயர்கள். பூட்டு ஃபைல் அங்கேயும் உண்டு, இங்கேயும் உண்டு. கம்ப்யூட்டரில் உட்காருகிற ஒவ்வொருவர் பெயருக்கும் ஒரு பட்டியல் இருக்கும். முதலில் எந்த அலமாரியில் தேடு, இல்லாவிட்டால் அடுத்து எதில் தேடு என்கிற பட்டியல். ஃபைலைக் கேட்டால் முதலில் கையில் அகப்பட்டதை எடுத்து நீட்டிவிடும். அது சரியான அலமாரிதானா என்று யோசிக்கிற புத்தியெல்லாம் அதற்குக் கிடையாது.

அடுத்தது பூட்டு. முன்பெல்லாம் லைன்மேன் கம்பம் ஏறுவதற்கு முன், அந்த லைனுடைய ஸ்விட்ச் கைப்பிடியில் தன்னுடைய பித்தளைப் பூட்டை மாட்டிச் சாவியைப் பையில் போட்டுக்கொண்டு போவான். அவன் இறங்கி வந்து திறக்கிற வரை கடவுளே வந்தாலும் கரண்ட் கொடுக்க முடியாது. இப்போது ஸ்விட்செல்லாம் கன்ட்ரோல் ரூமிலிருந்தே இயங்குகின்றன. கைப்பிடி இருந்தால்தானே பூட்டை மாட்ட? அதனால் பூட்டு கம்ப்யூட்டருக்குள் போயிற்று. லைன்மேன் தன் நம்பரைச் சொன்னால் பூட்டு ஃபைலில் ஒரு வரி ஏறும். கரண்ட் கொடுக்கச் சொல்லி யாராவது உத்தரவு போட்டால், உத்தரவு ஃபைலில் அந்த வரி விழுகிற நொடியில் ஒரு சின்ன புரோகிராம் தானாகவே விழித்துக்கொள்ளும். ட்ரிக்கர் என்பார்கள். அதை யாரும் கூப்பிட வேண்டாம், யாரும் மறக்கவும் முடியாது. அது ஓடிப்போய்ப் பூட்டு ஃபைலைப் பார்க்கும். அந்த லைனில் பூட்டு இருந்தால் உத்தரவைத் திருப்பி அடித்துவிடும்.

அந்த ட்ரிக்கரை எழுதியவள் அக்கா.

லைன்மேன்கள் லேசில் ஒத்துக்கொள்ளவில்லை. இரண்டு மாதம் முரண்டு பிடித்தார்கள். அவர்களில் வாயாடி அவள் தம்பிதான். ஆறடி இரண்டங்குலத்தில் காலும் கழுத்துமாக இருப்பதால் அவனுக்குக் கொக்கு என்று பெயர். "என் உசிரக் கொண்டுபோய் ஒரு டிவிக்குள்ள வைக்கச் சொல்றியாக்கா?" என்று அவள் வீட்டுச் சாப்பாட்டு மேசையில் உட்கார்ந்துகொண்டே கேட்டான். "நான் எழுதினதுடா," என்றாள் அவள். "உன் பித்தளைப் பூட்ட விட கெட்டி. நம்பிக் கையெழுத்துப் போடு." மறுநாள் முதல் கையெழுத்து அவனுடையது. கொக்கே போட்டுவிட்டான் என்று மற்றவர்களும் வரிசையாகப் போட்டார்கள்.

அக்கா டீயைக் கீழே வைத்தாள். மூன்றாம் மேசைக்காரரின் பட்டியலைத் திரையில் வரவழைத்தாள். முதல் இடத்தில் பயிற்சி அலமாரி.

போன வாரம் அவரைப் புதுத் திரை பழகுவதற்காகப் பயிற்சிக்கு அனுப்பியிருந்தார்கள். இந்த வெள்ளிக்கிழமை வரை அங்கேதான் இருந்திருக்க வேண்டும். நேற்று யாருக்கோ காய்ச்சல் என்று இன்று காலை பாதியிலேயே மேசைக்கு இழுத்து வந்துவிட்டார்கள். பட்டியலை மாற்றச் சொல்லி அக்காவிடம் சொல்ல வேண்டும் என்று ஒருத்தருக்கும் தோன்றவில்லை. உத்தரவுத் திரையை எழுதிய பழைய ஆள் சந்தேகப் பிராணி. நிஜ அலமாரியின் பெயரையே அதில் அழுத்தமாக எழுதி வைத்துவிட்டுப் போயிருந்தார். அதனால் உத்தரவு ஒழுங்காக நிஜ அலமாரிக்குத்தான் போகிறது. அங்கே விழித்துக்கொள்கிற ட்ரிக்கர் மட்டும், உத்தரவு போட்டவரின் பட்டியலை நம்பி, பயிற்சி அலமாரியில் போய்ப் பூட்டைத் தேடுகிறது. பட்டியல் எல்லோருக்கும் சரியாகத்தான் இருக்கும் என்று நினைத்து அப்படி எழுதியது அவளே. இதை வேறு யார் தலையிலும் கட்ட முடியாது.

இப்போது மூன்றாம் மேசைக்காரருக்கு மாமனார் தெரிவார். நிஜமாகக் கம்பத்தில் இருக்கிற ஆள் ஒருவர்கூடத் தெரிய மாட்டார்.

நிஜப் பூட்டு ஃபைலைத் திறந்தாள். ஏழு பூட்டுகள், நல்லவேளை, ஒன்பதில் எதுவும் இல்லை. நான்காவது வரி: பதினாலாம் லைன், நேரம் பத்து ஐந்து, நம்பர் இரண்டாயிரத்து இருநூற்றுப் பதினேழு.

அந்த நம்பர் அவளுக்கு மனப்பாடம். லீவு விண்ணப்பத்திலிருந்து இன்ஷூரன்ஸ் வரை கொக்கின் காகிதங்களையெல்லாம் நிரப்புகிறவள் அவள்தான். நம்பர் மங்கலாகத் தெரிந்தது, கண்ணைத் துடைத்துக்கொண்டு பார்த்தாள். அதே நம்பர்தான்.

வேலை முடிந்ததாகக் கையெழுத்துப் போட்டவர்கள் யார்? லைனின் அந்தக் கோடியில் இருந்த கூட்டம். ஒன்பதரை மணிக்குமேல் இந்தக் கோடியில் கம்பியைத் தாங்குகிற பீங்கான் ஒன்று உடைந்திருப்பதைப் பார்த்து, கொக்கை அவசரமாக அனுப்பியிருக்கிறார்கள். காலையில் அச்சடித்த வேலைத் தாளில் அவன் இல்லை. பூட்டு ஃபைலில் மட்டும்தான் இருக்கிறான்.

'சங்கிலி போட்டிருப்பான்,' என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டாள். கம்பியைத் தொடுவதற்கு முன் மூன்று கம்பிகளுக்கும் குறுக்கே ஒரு சங்கிலியை மாட்டி, மறுமுனையைத் தரையில் இறக்கிவிடுவார்கள். தவறிக் கரண்ட் வந்தாலும் அது மண்ணுக்குள் போய்விடும், ஆள் பிழைத்துக்கொள்வான். கொக்கு வேலைக்குச் சேர்ந்த நாளிலிருந்து சங்கிலி போடாமல் ஏறியதில்லை. போட்டிருப்பான். கட்டாயம் போட்டிருப்பான். அந்த ஒன்றைப் பிடித்துக்கொண்டுதான் அவள் கை வேலை செய்தது.

கன்ட்ரோல் ரூம் மூன்றாம் மேசைக்குப் போன் போட்டாள். எங்கேஜ்டு. ஷிஃப்ட் இன்ஜினியர் மேசைக்குப் போட்டாள். எங்கேஜ்டு. பம்ப் ஹவுஸ்காரன் நாசமாய்ப் போக, அங்கேயும் அவன்தான் பேசிக்கொண்டிருக்க வேண்டும். செல்போனுக்கு அடிக்க முடியாது, கன்ட்ரோல் ரூமுக்குள் போகிறவர்கள் செல்போனை வெளியே பெட்டியில் போட்டுவிட்டுத்தான் போவார்கள். கொக்கின் போனுக்கு அடித்தாள். அது வண்டியின் டாஷ்போர்டில் கிடந்து அடித்து அடித்து ஓய்ந்தது.

ஓடிப்போகலாம். மூன்று மாடி இறங்கி, வளாகத்தின் அந்தக் கோடி வரை ஓடினால் ஐந்து நிமிஷம். அவர் கையில் நாலு ஸ்விட்ச் என்றார். இந்நேரம் இரண்டாவது முடித்திருப்பார்.

ட்ரிக்கரை இப்போதே திருத்தினால்? பட்டியலை மாற்றினால்? இரண்டாலும் பிரயோஜனம் இல்லை. ஏற்கனவே உட்கார்ந்திருப்பவர் திரையை மூடித் திறக்கிற வரை பழைய ட்ரிக்கரும் பழைய பட்டியலும்தான் அவர் கையில் இருக்கும். அவர் திரையை இங்கிருந்தே அடித்துச் சாத்திவிடலாமா? அதற்கு அவளுக்கு உரிமை உண்டு. ஆனால் பாதி ஸ்விட்ச் வேலையில் திரை அணைந்தால் இன்னும் இரண்டு லைன்களில் என்ன ஆகும் என்று யார் கண்டது? அங்கேயும் யார் வீட்டுப் பிள்ளையோ இருக்கும்.

பயிற்சி அலமாரியின் பூட்டு ஃபைலைத் திறந்தாள். மாமனார் அங்கே ஒன்பதாம் லைன் மேல் ஜம்மென்று உட்கார்ந்திருந்தார்.

அடச் சீ, என்று வாய்விட்டே சொன்னாள். ட்ரிக்கர் தப்பான அலமாரியில்தானே தேடுகிறது? அப்படியானால் பூட்டையும் தப்பான அலமாரியிலேயே கொண்டுபோய்ப் போட்டுவிட்டால்?

பயிற்சி அலமாரியின் பூட்டு ஃபைலைக் காலி செய்துவிட்டு நிஜப் பூட்டுகளை அங்கே நகலெடுக்கச் சொன்னாள். எப்போதும் செய்கிற முறை அதுதான், பழக்கத்தில் விரல் தானாக அடித்தது. கம்ப்யூட்டர் மாட்டேன் என்றது. ஃபைல் உபயோகத்தில் இருக்கிறதாம், காலி செய்ய முடியாதாம். பயிற்சி அறையில் பத்துப் பேர் அதைத் திறந்து வைத்துக்கொண்டு மாமனார்களைக் கம்பம் ஏற்றிக்கொண்டிருந்தார்கள். பதினொன்று இருபத்தேழு. அடுத்த மேசைக்காரி திரும்பிப் பார்த்து, "என்னக்கா, மூஞ்சியெல்லாம் வெளுத்துக் கிடக்கு?" என்றாள். அக்கா அவள் பக்கம் திரும்பாமல் கட்டளையை மறுபடி படித்தாள்.

காலி செய்ய வேண்டாம், சும்மா சேர்த்தால் போதும். மாமனார் இருந்துவிட்டுப் போகட்டும், பக்கத்தில் இந்த ஏழு பேரையும் உட்கார வை. கட்டளையைத் திருத்தினாள். அலமாரியின் பெயரை இரண்டு தடவை தப்பாக அடித்தாள். மூன்றாவது தடவை அடித்துவிட்டு அனுப்பினாள்.

ஏழு வரிகள் சேர்க்கப்பட்டன.

பதினொன்று இருபத்தெட்டு. நாற்காலியில் சாய்ந்தாள். இனி மூன்றாம் மேசைக்காரர் பதினாலுக்கு உத்தரவு போட்டால், ட்ரிக்கர் அதே தப்பான அலமாரிக்குப் போகும், அங்கே கொக்கைப் பார்க்கும், மாட்டேன் என்று திருப்பி அடிக்கும். அவர் பார்ப்பார். அவர் என்ன நினைப்பார்?

அக்கா நாற்காலி பின்னால் விழுகிற வேகத்தில் எழுந்தாள். அவர் சிரிப்பார். வேறென்ன செய்வார்? இதுவும் பயிற்சிப் பசங்க விளையாட்டு என்று நினைப்பார். ஒன்பதுக்குச் செய்ததையே செய்வார். இன்ஜினியரிடம் சாவி கேட்பார். தப்பாக விழுந்த பூட்டை மீறி உத்தரவைத் தள்ளுவதற்கென்று ஒரு சாவி உண்டு, அதை இன்ஜினியர் திருப்பினால் ட்ரிக்கர் வாயைத் திறக்காது. பசங்க வேலைதான் என்று அவரோடு சேர்ந்து சிரித்தவளும் இவள்தானே!

படிகளை எப்படி இறங்கினாள் என்று பிறகு அவளுக்கே ஞாபகம் இல்லை. ஒரு செருப்பு இரண்டாவது மாடியில் கழன்றது, அது கழன்ற இடத்திலேயே கிடந்தது. வெயிலில் தகித்துக்கொண்டிருந்த வளாகத்தைக் கடந்து, டிரான்ஸ்ஃபார்மர் வேலியைச் சுற்றிக்கொண்டு ஓடினாள். வண்டி துடைத்துக்கொண்டிருந்த டிரைவர்கள் வேடிக்கை பார்த்தார்கள். ஒருவர், "அக்கா, பாத்து," என்று குரல் கொடுத்தார்.

கன்ட்ரோல் ரூம் வாசலில் காவல்காரர் கையை நீட்டினார். "கார்டு?"

கார்டு மூன்றாவது மாடியில், டீக் கோப்பைக்குப் பக்கத்தில்.

"அண்ணே, ஆள் சாகப்போகுது, கதவைத் திற."

"கார்டு இல்லாம திறந்தா என் வேலை போயிடும்மா. எழுதிக் கொடுங்க, நான் உள்ள கேட்டு..."

அவரோடு பேசி நேரத்தைக் கழிப்பதில் பயன் இல்லை. பக்கத்தில் கண்ணாடிச் சுவர். அதன் வழியாக உள்ளே தெரிந்தது. ஷிஃப்ட் இன்ஜினியர் மூன்றாம் மேசைக்குப் பின்னால் நின்றுகொண்டிருந்தார். கழுத்துக் கயிற்றில் தொங்கிய சாவியைக் கழற்றி மேசைத் துளைக்குள் நுழைத்திருந்தார். மூன்றாம் மேசைக்காரர் எதையோ சொல்ல, இருவரும் சிரித்தார்கள்.

அக்கா இரண்டு கையாலும் கண்ணாடியில் அடித்தாள். கன்ட்ரோல் ரூமுக்கென்று போட்ட தடிக் கண்ணாடி, சத்தம் உள்ளே போகாது. கழன்று போகாத இன்னொரு செருப்பைக் கையில் எடுத்து ஓங்கி ஓங்கி அறைந்தாள். நான்காம் மேசைக்காரி நிமிர்ந்து பார்த்தாள். மூன்றாம் மேசைக்காரர் திரும்பினார். அக்காவைப் பார்த்ததும் சிரித்துக்கொண்டே கையை ஆட்டினார். மாமனாரை எடுக்க வந்திருக்கிறாள் என்று நினைத்திருப்பார் பாவம்.

அவள் இரண்டு கையையும் முகத்துக்கு முன்னால் குறுக்காக வைத்து, வேண்டாம், வேண்டாம் என்று தலையை ஆட்டினாள். அழுகை முட்டிக்கொண்டு வந்தது. இன்ஜினியர் அவளைப் பார்த்தார், கையிலிருந்த செருப்பைப் பார்த்தார், காலைப் பார்த்தார். அவர் சிரிப்பு நின்றது. சாவியிலிருந்து கையை எடுத்துவிட்டு அவரே வந்து கதவைத் திறந்தார்.

"பதினாலுல ஆள் இருக்கு சார்," என்றாள். மூச்சு வாங்கியது. "அது விளையாட்டு இல்ல. நிஜ ஆளு. கொக்கு."

"தாள்ல யாருமே இல்லையேம்மா."

"தாளை விடுங்க. வண்டிக்குக் கேளுங்க. இப்பவே கேளுங்க."

நான்காம் மேசைக்காரி வயர்லெஸ்ஸை எடுத்து வண்டியைக் கூப்பிட்டாள். கரகரவென்று ஒரு சத்தம். பிறகு டிரைவரின் நிதானமான குரல் அறை முழுக்கக் கேட்டது. "பதினாலுதான். கொக்கு மேலதான் இருக்கான். பீங்கான் மாட்டிட்டான், நட்டு முடுக்கிட்டு இருக்கான். இன்னும் பத்து நிமிஷம் ஆகும். ஏன், அவசரமா?"

மூன்றாம் மேசைக்காரர் எழுந்து மேசையை விட்டு இரண்டடி தள்ளிப் போய் நின்றார். இன்ஜினியர் அந்தச் சாவியை வெளியே எடுத்தார்.

மதியத்துக்குள் அக்கா ட்ரிக்கரைத் திருத்திவிட்டாள். திருத்தம் என்னவோ ஒன்பது வரிதான். அதில்தான் அவளுக்கு இன்னும் அவமானம். ட்ரிக்கர் விழிக்கும்போதே அதன் கையில் ஒரு சீட்டு கொடுக்கப்படுகிறது: உன்னை எழுப்பியது எந்த ஃபைல், அந்த ஃபைல் எந்த அலமாரியில் இருக்கிறது என்று. முதல் நாளிலிருந்தே அந்தச் சீட்டு வந்துகொண்டுதான் இருந்தது. அவள் பிரித்துப் பார்க்காமல் பட்டியலை நம்பிவிட்டாள். இப்போது ட்ரிக்கர் சீட்டைப் படிக்கும். நிஜ அலமாரி உத்தரவு எழுப்பினால் நிஜ அலமாரிப் பூட்டு ஃபைலைத்தான் திறக்கும், யார் பட்டியல் எப்படி இருந்தாலும் சரி. அந்த ஃபைலைத் திறக்கவே முடியாவிட்டால், பூட்டு இல்லை என்று வாய் கூசாமல் சொல்லாது, உத்தரவே கூடாது என்று நிறுத்திவிடும். எல்லா மேசைகளையும் ஒவ்வொன்றாக மூடித் திறக்க வைத்தாள். வேண்டுமென்றே தப்பான பட்டியலோடு உட்கார்ந்து இருபது முறை சோதித்தாள். இருபது முறையும் மாமனார் தலைகாட்டவில்லை.

இன்ஜினியர் அவள் மேசைக்கே வந்தார். "உத்தரவு ரெண்டு தடவையும் திருப்பி அடிச்சிருக்கு. சிஸ்டம் சரியா வேலை செஞ்சது, அசம்பாவிதம் இல்லைன்னு எழுதிடலாமே," என்றார் மெல்ல. அவருக்கும் அந்தச் சாவி உறுத்திக்கொண்டிருந்தது.

"சிஸ்டம் வேலை செய்யல சார். நான் எழுதினது தப்பு. அப்படியே எழுதுங்க," என்றாள்.

நாலு மணிக்குக் கொக்கு வந்தான். வழக்கம்போல அவள் மேசை ஓரத்தில் உட்கார்ந்து, அவள் டப்பாவிலிருந்த பிஸ்கட்டை எடுத்துக் கடித்தான். விஷயம் அதற்குள் அவன் காதுக்கு அரைகுறையாகப் போயிருந்தது.

"என்னமோ செருப்பால அடிச்சியாமே? என்னையா இன்ஜினியரையா?"

அவள் சிரிக்கவில்லை. ஒன்று விடாமல் சொன்னாள். அலமாரி, பட்டியல், சாவி, கண்ணாடி, எல்லாம். பிஸ்கட் பாதியில் நின்றது.

"உன்கிட்ட மறைக்க எனக்கு மனசு வரலடா. நான் கெட்டின்னு சொன்னேன், கெட்டி இல்ல. ஆனா ஒண்ணு மட்டும்தான் என்னை இன்னிக்கு நிக்க வெச்சது. நீ சங்கிலி போட்டிருப்பேங்கற நம்பிக்கை."

கொக்கு ஜன்னலுக்கு வெளியே பார்த்தான்.

"போட்டிருந்தே இல்ல?"

"இல்லக்கா."

"ஏன்டா?"

"ஏழு கிலோக்கா அது. தூக்கிட்டு ஏறி, மூணு கம்பியிலயும் மாட்டி, திரும்பக் கழட்டி..." அவன் கையிலிருந்த பிஸ்கட்டைப் பார்த்தான். "நீதான சொன்ன, பித்தளைப் பூட்ட விட கெட்டின்னு. அப்புறம் எதுக்குச் சங்கிலின்னு விட்டுட்டேன். ஆறு மாசமாச்சு."

அக்கா எழுந்து அவன் தோளில் ஓர் அடி வைத்தாள். பிறகு இன்னொன்று. மூன்றாவது அடிக்குக் கை எழவில்லை, அவன் சட்டையைப் பிடித்துக்கொண்டு அழுதாள். அடுத்த மேசைக்காரி தலையைக் குனிந்துகொண்டு வேலை செய்வதுபோல் பாவனை செய்தாள். "அட விடுக்கா, அதான் மாமனார் காப்பாத்திட்டாரே," என்றான் கொக்கு. அவன் குரலும் சரியாக இல்லை.

"இனிமே நான் தலைகீழா நின்னு சொன்னாக்கூட என்னை நம்பாதே. சங்கிலி போடு. புரியுதா?"

"சரிக்கா."

"வேற யாரெல்லாம் போடறதில்ல?"

அவன் பிஸ்கட் டப்பாவை மூடினான்.

மறுநாள் காலை ஏழரைக்கு, வண்டிகள் கிளம்புவதற்கு முன், லைன்மேன்கள் ஓய்வறையில் அக்கா போய் நின்றாள். இருபத்தாறு பேர். அவள் வார்த்தையை நம்பிக் கையெழுத்துப் போட்ட அதே இருபத்தாறு பேர். என்ன சொல்ல வேண்டும் என்று ராத்திரியே ஒரு காகிதத்தில் எழுதிக்கொண்டு வந்திருந்தாள். நடந்ததைச் சொன்னாள். தப்பு தன்னுடையது என்று சொன்னாள். திருத்தியாகிவிட்டது, இப்போது கெட்டி என்று அடுத்த வரியில் எழுதியிருந்தது. அந்த வரியை அவளால் வாசிக்க முடியவில்லை. காகிதத்தை மடித்துவிட்டாள்.

"ஒரே ஒரு கேள்வி. யாரும் உங்களைத் திட்டமாட்டாங்க. என் பூட்டு வந்ததுக்கப்புறம் சங்கிலியை விட்டவங்க, கையைத் தூக்குங்க."

முதலில் பின்வரிசையில் கொக்கு தன் நீளக் கையைத் தூக்கினான். பக்கத்தில் இன்னொரு கை எழுந்தது. பிறகு முன்வரிசையில் இரண்டு. அப்புறம் மளமளவென்று எழுந்தன. ரிட்டயர் ஆகப்போகிற மேஸ்திரியும் சுவரைப் பார்த்தபடி கையைத் தூக்கினார். எழும்பாத கைகளை எண்ணுவதுதான் சுலபமாக இருந்தது. மூன்று.

இத்தனை பேரையும் வெறும் கையோடு கம்பம் ஏற்றிவிட்டது அவளுடைய ஒரு பேச்சு.

"கையை இறக்காதீங்க," என்றாள். "ஆளுக்கொரு சங்கிலி எடுக்க அப்படியே ஸ்டோருக்கு நடங்க. நான் பின்னாடி வர்றேன்."